அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிமிட்ஸ் என்றால் சென்னைக்கு வந்த கப்பல்தானே?

ஆமாம், ஆனால் அந்தக் கப்பலே ஒரு மனிதரின் பெயரைச் சுமப்பது. 2007 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான 'நிமிட்ஸ்' சென்னைக்கு வந்து, துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றது. அணுசக்தி ஆபத்து ஒருபுறம், அமெரிக்க எதிர்ப்பு மறுபுறம் என்று இடதுசாரிக் கட்சிகள் ஆர்ப்பாட்டம் செய்தன. நாளிதழ்களில் பக்கம் பக்கமாகக் கப்பலைப் பற்றித்தான் எழுதினார்கள். பெயருக்குரியவரைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்தால் அதிகம். அவருக்கும் இந்தியாவுக்கும் கப்பலைவிட நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. காஷ்மீர் பற்றிய கேள்வியில் அது வருகிறது.

யார் இவர்?

செஸ்டர் வில்லியம் நிமிட்ஸ், 1885 பிப்ரவரி 24 அன்று டெக்சாஸின் ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஊரில் பிறந்தவர். 1941 டிசம்பர் 31 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி. 1945 செப்டம்பர் 2 அன்று 'மிசௌரி' போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர். 'ஃப்ளீட் அட்மிரல்' என்ற ஐந்து நட்சத்திரப் பதவியை அமெரிக்காவில் நான்கே பேர்தான் பெற்றார்கள்: லேஹி, கிங், நிமிட்ஸ், ஹால்சி. நால்வரில் கடைசியாக மறைந்தவர் நிமிட்ஸ்.

கடலே இல்லாத ஊரில் பிறந்தவருக்குக் கடற்படை எப்படி வாய்த்தது?

தற்செயலாகத்தான். ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஜெர்மானியர்கள் குடியேறிய ஊர். கடற்கரை அங்கிருந்து வெகு தூரம். செஸ்டர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். பின்னாளில் அம்மா, கணவரின் தம்பியையே மறுமணம் செய்துகொண்டார். பையனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் தாத்தா சார்லஸ் நிமிட்ஸ். இளமையில் ஜெர்மன் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், டெக்சாஸ் மண்ணில் ஓட்டல் கட்டியபோதும் முகப்பைக் கப்பல் வடிவத்தில்தான் கட்டினார். மனிதருக்குக் கடல் விட்டுப்போகவில்லை.

பேரன் சேர விரும்பியது தரைப்படையின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில். அங்கே இடமில்லை, கடற்படைக் கல்லூரிக்கு வேண்டுமானால் தேர்வு எழுதலாம் என்றார் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். எழுதினான், தேறினான். 1905 ஜனவரியில் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலிருந்து 114 பேரில் ஏழாவதாக வெளியே வந்தான்.

அவர் ஒரு கப்பலைத் தரை தட்ட வைத்தது உண்மையா?

உண்மை. என் பார்வையில் அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவம்தான் திறவுகோல்.

1908 ஜூலை 7, பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸ் துறைமுகம். 'டிகேட்டர்' என்ற பழைய நாசகாரிக் கப்பலுக்கு 23 வயது நிமிட்ஸ் தலைவர். பதவியோ 'என்சைன்', அதாவது அதிகாரிகளிலேயே கடைசிப் படி. அந்த மாலை அவர் கப்பல் நிற்கும் இடத்தைக் கருவிகொண்டு துல்லியமாகக் கணிக்காமல் கண்மதிப்பில் விட்டார். கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று அட்டவணையையும் பார்க்கவில்லை. கப்பல் சேற்றுத் திட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. மேல்தளத்தில் ஒரு கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்துத் தூங்கினார். நம் கையில் இல்லாததை நினைத்துக் கவலைப்படாதே என்பது தாத்தா சொல்லிக் கொடுத்த பாடம். மறுநாள் காலை ஒரு சிறு நீராவிக் கப்பல் வந்து இழுத்துவிட்டது.

கடற்படையில் கப்பலைத் தரை தட்ட வைப்பது பெரிய குற்றம். பலருடைய பணி வாழ்க்கை அதோடு முடிந்திருக்கிறது. நிமிட்ஸும் கோர்ட் மார்ஷல் எனும் படை நீதிமன்ற விசாரணைக்கு நின்றார். கடமையில் கவனக்குறைவு என்று தீர்ப்பு, பகிரங்கக் கண்டனம், கப்பல் தலைமையும் போயிற்று. ஆனால் இளம் வயது, அதுவரை கறைபடாத ஏடு என்பதால் அத்தோடு விட்டார்கள். 1910 ஜனவரியில் இடைப்பட்ட ஒரு படியைத் தாண்டி நேராக லெப்டினன்ட் ஆகிவிட்டார்.

கோர்ட் மார்ஷல் ஆனவர் எப்படி மேலே வந்தார்?

யாரும் விரும்பாத வேலைகள் வழியாக. பெரிய போர்க்கப்பலில் போட்டால் தேவலை என்றிருந்தார், நீர்மூழ்கியில் போட்டார்கள். அன்றைய நீர்மூழ்கிகள் பெட்ரோல் இயந்திரத்தில் ஓடின. மூடிய இரும்புக் கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி பரவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீசலுக்கு மாற வேண்டும் என்று வாதாடியவர்களில் நிமிட்ஸ் ஒருவர். 1913இல் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பப்பட்டு டீசல் இயந்திரங்களைப் படித்துவிட்டு வந்தார். வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தது அங்கே கைகொடுத்தது.

திரும்பி வந்து 'மௌமி' என்ற எண்ணெய்க் கப்பலுக்கு டீசல் இயந்திரங்கள் பொருத்தினார். பார்வையாளர்களுக்கு இயந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது கையுறை பற்சக்கரத்தில் மாட்டி, இடது கை மோதிர விரலில் ஒரு பகுதி போய்விட்டது. கல்லூரி மோதிரம் தடுத்ததால் கை தப்பியது. அந்த நாட்களில் ஒரு டீசல் நிறுவனம் கடற்படைச் சம்பளத்தைப்போலப் பல மடங்கு தருவதாகக் கூப்பிட்டது. போகவில்லை.

1917இல் 'மௌமி' அட்லாண்டிக் நடுவே, அயர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல்களுக்கு ஓடிக்கொண்டே எண்ணெய் ஊற்றியது. இரு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போக, நடுவே குழாய். அந்த முறையை வகுத்தவர்களில் நிமிட்ஸ் முக்கியமானவர். இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பசிபிக்கில் அவருடைய கப்பல்கள் துறைமுகம் திரும்பாமல் வாரக்கணக்கில் போரிட முடிந்ததற்கு அடித்தளம் இதுதான். போர் வரலாற்றில் பீரங்கிக்குக் கிடைக்கும் இடம் எண்ணெய்க் குழாய்க்குக் கிடைப்பதில்லை, என்ன செய்வது!

பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது அவர் எங்கே இருந்தார்?

வாஷிங்டனில், கடற்படையின் ஆளெடுப்பு, இடமாற்றங்களைக் கவனிக்கும் துறையின் தலைவராக. அதே 1941ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பசிபிக் தலைமை அவரைத் தேடி வந்திருந்தது. தன்னைவிட மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். பதவி கிம்மலுக்குப் போனது. டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் வந்தபோது பழி கிம்மல் தலையில் விழுந்தது. ஒதுங்காமல் இருந்திருந்தால் அது யார் தலையில் விழுந்திருக்கும் என்பது நிமிட்ஸுக்குத் தெரியாததல்ல.

மனைவியின் குடும்பப் பெயரில் 'மிஸ்டர் ஃப்ரீமன்' என்று சாதாரண உடையில் ரயிலேறிக் கலிபோர்னியா போய், அங்கிருந்து பறந்து, கிறிஸ்துமஸ் காலையில் பேர்ல் ஹார்பரில் இறங்கினார். துறைமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்து கிடந்தது. டிசம்பர் 31 அன்று 'கிரேலிங்' என்ற நீர்மூழ்கியின் தளத்தில் பொறுப்பேற்றார்.

முதல் வேலையாக, கிம்மலிடம் இருந்த அதிகாரிகளைக் கூப்பிட்டார். கூட்டத்தோடு வெளியேற்றப்படப் போகிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நடந்ததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்கள் எனக்கு வேண்டும் என்றார். அவர்களில் ஒருவர் உளவுத் தகவல் அதிகாரி எட்வின் லேட்டன். தாக்குதலை முன்கூட்டிச் சொல்லத் தவறிய துறையின் ஆள், ஆகவே முதலில் போக வேண்டியவர். போர் முடியும்வரை அவர் நிமிட்ஸின் பக்கத்திலேயே இருந்தார்.

மிட்வே போரை வென்றது அதிர்ஷ்டமா, திட்டமா?

இரண்டும்தான். ஆனால் திட்டத்துக்குப் பின்னால் துணிச்சலான ஒரு நம்பிக்கை இருந்தது.

ஹவாயில் ஒரு நிலத்தடி அறையில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் தலைமையிலான குழு ஜப்பானியச் சங்கேதச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்தது. 'ஏஎஃப்' என்று குறிக்கப்படும் இடம் தாக்கப்படும் என்று தெரிந்தது. அது மிட்வே தீவு என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டன் ஒப்பவில்லை. ஒரு பொறி வைத்தார்கள். மிட்வேயில் குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வெளிப்படையாக வானொலியில் சொல்லச் சொன்னார்கள். சில நாளில் ஜப்பானியச் செய்தி ஒன்று 'ஏஎஃப்' இடத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றது.

நிமிட்ஸ் லேட்டனிடம் நாள், நேரம், திசை எல்லாம் சொல்லச் சொன்னார். ஜூன் 4 காலை 6 மணி வாக்கில், மிட்வேயிலிருந்து 175 மைலில், 325 பாகைத் திசையில் எதிரியைக் காண்போம் என்றார் லேட்டன். அன்று காலை தகவல் வந்தபோது, ஐந்து நிமிடம், ஐந்து மைல், ஐந்து பாகைதான் பிசகினாய் என்று நிமிட்ஸ் சிரித்தாராம்.

'யார்க்டவுன்' கதையும் இதில் சேர்ந்தது. பவளக் கடல் போரில் குண்டடிபட்ட அந்த விமானந்தாங்கி மே 27 அன்று பேர்ல் ஹார்பர் திரும்பியது. சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்ற மதிப்பீடு இருந்தது. உலர்துறையில் தண்ணீர் முழுதும் வடிவதற்குள் நிமிட்ஸ் இடுப்புவரை நீள்பூட்ஸ் மாட்டிக்கொண்டு கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்க இறங்கிவிட்டார். மூன்று நாளில் வேண்டும் என்றார். 1,400 பேர்வரை இரவு பகலாக வேலை செய்தார்கள். மே 30 காலை கப்பல் கிளம்பியது. போரில் ஜப்பான் 'அகாகி', 'காகா', 'சோர்யு', 'ஹிர்யு' என்ற நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அமெரிக்கா இழந்தது அந்த 'யார்க்டவுனை'.

போரின்போது நிமிட்ஸ் கரையில்தான் இருந்தார். களத் தளபதிகள் ஃப்ளெட்சர், ஸ்ப்ரூயன்ஸ். சேதம் எதிரிக்கு அதிகமாகும் என்று கணக்கிட்ட பிறகே கப்பல்களைப் பணயம் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நடுவில் மூக்கை நுழைக்காமல் காத்திருந்தார்.

யமமோட்டோவைக் கொல்ல உத்தரவிட்டவர் இவரா?

ஆம். 1943 ஏப்ரலில் ஜப்பானியத் தளபதி யமமோட்டோவின் பயணத் திட்டம் சங்கேதத்தில் சிக்கியது. அவரைவிடத் திறமையான ஆள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நிமிட்ஸ் லேட்டனைக் கேட்டார். அவருக்கு ஈடானவர் யாருமில்லை என்று பதில் வந்தது. ஏப்ரல் 18 அன்று பூகன்வில் தீவின் மேல் யமமோட்டோ சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

மெக்கார்தருடன் ஒத்துப்போகவில்லை என்கிறார்களே?

பசிபிக்கை இரண்டாகப் பிரித்துத் தென்மேற்கைத் தரைப்படையின் மெக்கார்தரிடமும் பெரும்பகுதியை நிமிட்ஸிடமும் கொடுத்தால் உரசல் வராமல் இருக்குமா? மெக்கார்தர் விளம்பரப் பிரியர், நிமிட்ஸ் பத்திரிகையாளர்களுக்குச் செய்தியே தராதவர். சரணாகதி விழாவை மெக்கார்தர் தலைமையேற்று நடத்துவார் என்றதும் கடற்படை முகம் சுளித்தது. விழாவைப் போர்க்கப்பலில் நடத்துவது, அமெரிக்காவுக்காக நிமிட்ஸ் கையெழுத்திடுவது என்று சமாதானம் செய்தார்கள். 'மிசௌரி' என்பது அதிபர் ட்ரூமனின் சொந்த மாநிலத்தின் பெயர் என்பதால் அவருக்கும் மகிழ்ச்சி.

அப்படியானால் தவறே செய்யாத மனிதரா?

இல்லவே இல்லை. அமெரிக்க நூல்களில் சில இவரைப் பூஜை மாடத்தில் ஏற்றிவிடுகின்றன.

நீர்மூழ்கித் தளபதிகள் தங்கள் டார்பிடோக்கள் ஆழம் தவறிப் போகின்றன, இலக்கில் பட்டும் வெடிப்பதில்லை என்று போர் தொடங்கியதிலிருந்தே கதறினார்கள். அதன் காந்த வெடிப்பானை நிறுத்தச் சொல்லி நிமிட்ஸ் உத்தரவிட்டது 1943 ஜூனில். நீர்மூழ்கிக்காரரான அவரே அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்பதை மன்னிப்பது கடினம்.

1944 செப்டம்பரில் பெலெலியு தீவின்மேல் படையிறங்குவது தேவையில்லை என்று நிமிட்ஸுக்குக் கீழிருந்த கடற்படைத் தளபதி ஹால்சி சொன்னார். படைகள் கிளம்பிவிட்டன என்று நிமிட்ஸ் நிறுத்தவில்லை. சில நாளில் முடியும் என்ற சண்டை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தீவால் பெரிய பயன் விளைந்ததாகச் சொல்ல முடியாது.

மிட்வே வெற்றிக்கு வழிவகுத்த ரோஷ்ஃபோர்ட்டுக்கு உயரிய பதக்கம் தரப் பரிந்துரைத்தார் நிமிட்ஸ். வாஷிங்டனில் பொறாமைக்காரர்கள் மறுத்ததோடு, அவரைச் சங்கேத வேலையிலிருந்தே மாற்றிவிட்டார்கள். நிமிட்ஸ் இதற்காகப் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. பதக்கம் வந்தது எண்பதுகளில். ரோஷ்ஃபோர்ட் 1976இலேயே இறந்துவிட்டார்.

ஹால்சியை ஏன் பதவி நீக்கவில்லை?

கேட்க வேண்டிய கேள்விதான். 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்டே வளைகுடாப் போரில் ஹால்சி ஜப்பானியர் காட்டிய தூண்டிலைத் துரத்திக்கொண்டு வடக்கே போய்விட்டார். சான் பெர்னார்டினோ நீரிணை காவலின்றிக் கிடந்தது. உன் 34ஆம் படைப்பிரிவு எங்கே என்று நிமிட்ஸ் செய்தி அனுப்பினார். எதிரியைக் குழப்பச் சங்கேதத்தின் வாலில் சேர்க்கும் வெற்றுச் சொற்களாக 'உலகமே வியக்கிறது' என்பது ஒட்டிக்கொண்டு போனது. நக்கலடிக்கிறார் என்று நினைத்து ஹால்சி தொப்பியைத் தரையில் வீசினார்.

டிசம்பரில் அதே ஹால்சி தன் கப்பல்களைச் சூறாவளிக்குள் கொண்டுபோனார். மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின, ஏறக்குறைய 790 பேர் இறந்தார்கள். விசாரணை மன்றம் ஹால்சியின் கணிப்புப் பிழை என்றது. நிமிட்ஸ் அதை ஏற்றுக்கொண்டு, ஆனால் பதவியில் விட்டுவைத்தார். போருக்குத் தேவைப்பட்ட ஆள், மக்களிடம் பெயர் பெற்றவர், 1942இன் இருண்ட மாதங்களில் துணிந்து நின்றவர். பட்டாங்காஸ் சேற்றில் கட்டில் போட்டுப் படுத்தவருக்கு ஒரு பிழையால் ஒருவரை எடைபோட மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர்களின் குடும்பங்கள் இதை எப்படிப் பார்த்திருக்கும் என்பது வேறு.

1945 பிப்ரவரியில் கப்பல் தலைவர்கள் எல்லோருக்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ய முடிகிற நேரத்திலேயே செய்துவிட வேண்டும், பின்னால் அது வீணாகப் போகலாமே என்று தயங்குவதைப்போல மாலுமிக்கு ஆபத்தானது வேறில்லை என்பது அதன் சாரம்.

ஜெர்மன் தளபதிக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னாரா?

நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் மீது எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடித்த குற்றச்சாட்டும் இருந்தது. அவருடைய வழக்கறிஞர் நிமிட்ஸுக்குக் கேள்விகள் அனுப்பினார். 1946 மே மாதம் நிமிட்ஸ் எழுத்தில் பதில் தந்தார்: அமெரிக்க நீர்மூழ்கிகளும் பசிபிக்கில் போர் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அப்படித்தான் செய்தன. நீர்மூழ்கிப் போர் விதிமீறலைக் கணக்கில் வைத்துத் தண்டனை விதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. மற்றக் குற்றங்களுக்காக டோனிட்ஸுக்குப் பத்தாண்டு கிடைத்தது. வென்ற பக்கத்துத் தளபதி, தன் கைப்படத் தன் பக்கத்தையும் அதே தட்டில் வைத்தது அபூர்வம்.

காஷ்மீருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

காஷ்மீரில் பொது வாக்கெடுப்பு நடத்தும் நிர்வாகியாக ஐ.நா. நியமித்தது இவரைத்தான்.

1948 ஜனவரியில் இந்தியா வழக்கை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனபோது இந்தியக் குழுவின் தலைவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலசாமி அய்யங்கார். காஷ்மீர் மகாராஜாவிடம் 1937 முதல் 1943 வரை பிரதமராக இருந்தவர். அந்த ஏப்ரலில் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 47ஆம் தீர்மானம், வாக்கெடுப்புக்கு ஒரு நிர்வாகி வேண்டும் என்றது. 1949 ஜனவரி 1 அன்று போர் நிறுத்தம் வந்தது. மார்ச்சில் நிமிட்ஸின் பெயர் அறிவிக்கப்பட்டது.

வாக்கெடுப்புக்கு முன் பாகிஸ்தான் படை வெளியேற வேண்டும், இந்தியா தன் படையில் பெரும்பகுதியைக் குறைக்க வேண்டும். யார் எப்போது எவ்வளவு என்பதிலேயே எல்லாம் நின்றுவிட்டது. 1949 ஆகஸ்டில், தகராறான அம்சங்களுக்கு நிமிட்ஸையே நடுவராக்கலாம் என்று ஐ.நா. ஆணையம் யோசனை சொன்னது. ட்ரூமனும் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் பரிந்து பேசினார்கள். பாகிஸ்தான் சரி என்றது, நேரு மறுத்துவிட்டார். யார் ஆக்கிரமித்தது என்ற அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டு இருவரையும் சமமாக நிறுத்தி நடுவர் தீர்ப்பா என்பது இந்தியாவின் வாதம்.

வேலையைத் தொடங்க முடியாத நிர்வாகி அமெரிக்க ஊர் ஊராகப் போய் ஐ.நா.வைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். 1953 ஆகஸ்டில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் முகமது அலி போக்ராவும் பேசி, புது நிர்வாகியை நியமிப்பது என்று உடன்பட்டார்கள். வல்லரசு நாட்டுக்காரர் வேண்டாம் என்பது நேருவின் நிலை. அந்த ஆண்டே நிமிட்ஸ் விலகினார். அட்டவணையே போடப்படாத வாக்கெடுப்புக்கு நான்கு ஆண்டுக்கு மேல் அவர் அதிகாரி.

ஜப்பானியர் அவரை வெறுத்தார்களா?

விசித்திரமாக, மதிப்புதான் மிஞ்சியது. 1905இல் ரஷ்யாவைத் தோற்கடித்த அட்மிரல் டோகோவை, இளம் பயிற்சி அதிகாரியாகச் சென்ற நிமிட்ஸ் டோக்கியோவில் ஒரு விருந்தில் சந்தித்திருந்தார். மனத்தில் அது பதிந்துவிட்டது. டோகோவின் கொடிக்கப்பல் 'மிகாசா' 1945க்குப் பிறகு சிதைந்து, கேளிக்கைக் கூடமாகச் சீரழிந்திருந்தது. நிமிட்ஸ் ஒரு ஜப்பானியப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, அதன் சன்மானத்தைச் சீரமைப்பு நிதிக்குக் கொடுத்தார். 1961இல் கப்பல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் யோகோசுகாவில் அதைப் பார்க்கலாம்.

குடும்பம்?

1913இல் கேத்தரின் ஃப்ரீமனை மணந்தார். மூன்று மகள்கள், ஒரு மகன். மகன் செஸ்டர் ஜூனியர் போரில் நீர்மூழ்கித் தலைவர். ஒரு மகள் கன்னியாஸ்திரீ ஆனார். போர்க்காலத்தில் மனைவிக்கு நாள் தவறாமல் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது.

போருக்குப் பின் என்ன செய்தார்? சுயசரிதை எழுதினாரா?

1945 டிசம்பர் முதல் இரண்டாண்டு கடற்படைத் தலைமைத் தளபதி. அணுசக்தி நீர்மூழ்கி கட்டலாம் என்ற திட்டத்துக்கு 1947 டிசம்பரில் பதவியிலிருந்து இறங்குவதற்குச் சற்று முன் ஒப்புதல் தந்தார். 'நாட்டிலஸ்' அதிலிருந்து வந்தது. ஐந்து நட்சத்திர அதிகாரிக்கு ஓய்வு கிடையாது, சாகும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. சுயசரிதை எழுதச் சொல்லிப் பலர் கேட்டும் மறுத்துவிட்டார். பிறரைப் புண்படுத்தும்படி ஏதாவது சொல்ல நேரும் என்பது காரணம்.

1966 பிப்ரவரி 20 அன்று, 81 வயது நிறைய நான்கு நாள் இருக்கையில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் யெர்பா புவேனா தீவில் இறந்தார். சான் புரூனோ கல்லறைத் தோட்டத்தில் மற்ற வீரர்களுக்கு வைக்கும் அதே சாதாரணக் கல். ஸ்ப்ரூயன்ஸ், டர்னர், லாக்வுட் என்ற மூன்று சகாக்களும் முன்பே பேசி வைத்துக்கொண்டபடி பக்கத்திலேயே அடக்கமானார்கள்.

அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க முடியுமா?

டெக்சாஸ் பக்கம் போகிறவர்கள் ஃப்ரெடரிக்ஸ்பர்க் போகலாம். தாத்தாவின் கப்பல் முகப்பு ஓட்டல் இப்போது பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகத்தின் பகுதி. பின்புறம் ஜப்பான் மக்கள் அன்பளிப்பாகத் தந்த தோட்டம் இருக்கிறது. நிதானமாகப் பார்க்க ஒரு முழுநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், சேகரிப்பு மிகப் பெரியது.